இல்லாமல் போன ஒரு துகளின் வரலாறு

இயற்பியலின் வரலாற்றை நாம் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரிசையாகவே வாசித்துப் பழகியிருக்கிறோம். எலக்ட்ரான் 1897-ல், நியூட்ரான் 1932-ல், ஹிக்ஸ் துகள் 2012-ல் என்று அந்த வரிசை நீள்கிறது. முன்மொழியப்பட்டு, தேடப்பட்டு, கடைசிவரை அகப்படாமல் பெயரளவில் மட்டுமே வாழ்ந்து மறைந்த துகள்களுக்கு அதில் இடமில்லை. ஆனால் ஓர் அறிவுத்துறை எப்படிச் சிந்திக்கிறது என்பதை அறிய, அது பெற்றெடுத்தவற்றைப் போலவே அது கைவிட்டவற்றையும் பார்க்கவேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. இக்கட்டுரையில் அப்படிக் கைவிடப்பட்ட ஒரு துகளைப் பற்றிப் பேச விரும்புகிறோம். ஹைப்பர்ஃபோட்டான் என்று அதற்குப் பெயர். 1964-ல் அது கருத்துருவாகப் பிறந்தது, 1965-ல் மறைந்தது, 1986-ல் ஒருமுறை உயிர்த்தெழ முயன்றது.

கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளைக் கற்பித்துக்கொண்டு முரண்பாட்டைத் தீர்ப்பது இயற்பியலாளர்களுக்குப் பழகிய வழிதான். 1930 டிசம்பரில் வொல்ஃப்காங் பௌலி அப்படித்தான் செய்தார். பீட்டா சிதைவில் ஆற்றலின் ஒரு பகுதி கணக்கில் வராமல் போயிற்று. ஆற்றல் அழிவின்மை விதியையே விட்டுவிடலாமா என்றுகூட நீல்ஸ் போர் யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. விதியைக் காப்பாற்ற, எவர் கண்ணிலும் படாத எடை குறைந்த ஒரு துகள் அந்த ஆற்றலை எடுத்துச் செல்வதாகப் பௌலி சொன்னார். இன்று நாம் நியூட்ரினோ என்றழைக்கும் அத்துகள் 1956-ல் ஆய்வகத்தில் பிடிபட்டது. ஒரு முறை பலித்த உத்தி மறுமுறையும் கைநீட்டி அழைக்கும் அல்லவா?

*

மறுமுறை அழைத்தது மெசான்களின் உலகில். 1947-ல் மான்செஸ்டரில் ரோச்செஸ்டரும் பட்லரும் காஸ்மிக் கதிர்களின் தடங்களில் கண்டெடுத்த புதிய துகள்களுள் ஒன்று கேயான். புரோட்டானின் நிறையில் ஏறத்தாழ பாதி கொண்டது. பிறந்த கணத்திலேயே பையான் முதலிய எடை குறைந்த துகள்களாகச் சிதைந்துவிடுவது. இந்தச் சின்னஞ்சிறு துகள் அளவுக்கு இயற்பியலாளர்களின் நம்பிக்கைகளை உடைத்த துகள் வேறொன்று இல்லை.

முதலில் உடைந்தது கண்ணாடிச் சமச்சீர். இயற்கையில் நிகழும் எதுவும், கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பத்தைப் போலவும் நிகழ முடியும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். மின்னூட்டம் கொண்ட கேயான் ஒரு சமயம் இரண்டு பையான்களாகவும் வேறொரு சமயம் மூன்றாகவும் சிதைந்தது. கண்ணாடிச் சமச்சீர் உண்மையானால் ஒரே துகளுக்கு இவ்விரண்டும் இயலாது. 1956-ல் லீயும் யாங்கும் அந்த நம்பிக்கையைச் சோதித்தவர் எவருமில்லை என்று சுட்டிக்காட்டினர். சியென்-ஷியுங் வூ அம்மையார் கோபால்ட்-60 அணுக்கருக்களை வைத்துச் சோதித்தார். 1957 ஜனவரியில் அந்த நம்பிக்கை பொய்யென்று தெரிந்துபோயிற்று.

அதிர்ச்சியிலிருந்து மீள ஓர் ஆறுதல் கிடைத்தது. கண்ணாடியில் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு துகளையும் அதன் எதிர்த்துகளாகவும் மாற்றிவிட்டால் சமச்சீர் திரும்பிவிடுகிறது என்று லேவ் லாந்தாவ் உள்ளிட்டோர் காட்டினார்கள். இதற்கு சி.பி. சமச்சீர் என்று பெயர். இடிந்த வீட்டிலிருந்து வெளியேறியவர்கள் பக்கத்து வீட்டில் குடியேறியதைப் போல, இயற்பியல் உலகம் சி.பி.யில் குடியேறியது. கூரை உறுதியாக இருப்பதாகவே தோன்றியது.

இந்தச் சமச்சீரின் கண்கூடான சான்றாகக் கருதப்பட்டதும் கேயான்தான். மின்னூட்டமற்ற கேயானும் அதன் எதிர்த்துகளும் தனித்தனியாக வாழ்வதில்லை. ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே நாம் உண்மையில் காண்பது அவ்விரண்டின் கலவைகளையே என்று 1955-ல் கெல்-மானும் பைஸும் கூறினர். ஒரு கலவை இரண்டு பையான்களாகச் சிதையலாம். ஒரு நொடியின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு நேரமே வாழும். மற்றது சி.பி. விதியின்படி இரண்டு பையான்களாகச் சிதையக் கூடாது. மூன்று பையான்களை உண்டாக்கினால் மிஞ்சும் ஆற்றல் சொற்பம். ஆகவே அதன் சிதைவு மெதுவாகத்தான் நிகழும். அது ஏறத்தாழ 570 மடங்கு நீண்ட ஆயுள் பெறும். இந்த நெடுவாழ்வுக் கேயான் 1956-ல் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் கண்டறியப்பட்டது. கணிப்பும் நிகழ்வும் இவ்வளவு அழகாகப் பொருந்தியபோது சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

*

1963 கோடையில் அதே புரூக்ஹேவனில் ஜேம்ஸ் கிரோனின், வால் ஃபிட்ச், ஜேம்ஸ் கிறிஸ்டென்சன், ரெனே டூர்லே ஆகிய நால்வர் ஒரு சோதனையைச் செய்தனர். சி.பி.யைக் கவிழ்க்கும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. ராபர்ட் அடேரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் அதற்குச் சற்று முன்பு கேயான்களிடம் கண்டதாகச் சொன்ன ஒரு விசித்திரத்தைச் சரிபார்ப்பதே முதல் நோக்கம். நெடுவாழ்வுக் கேயான் இரண்டு பையான்களாகச் சிதைவதற்கான மேல்வரம்பை இன்னும் இறுக்குவது துணை நோக்கங்களில் ஒன்று. இதே தேடலைச் சோவியத் நாட்டின் துப்னாவில் ஒரு குழு முன்பே நடத்தி, சுமார் 600 சிதைவுகளில் எதையும் காணாமல் நிறுத்திவிட்டிருந்தது.

சோதனையின் அமைப்பு எளிமையானது. குறுவாழ்வுக் கேயான்கள் சில சென்டிமீட்டர்களுக்குள் அழிந்துவிடும். எனவே கற்றையை நெடுந்தொலைவு ஓடவிட்டால் நெடுவாழ்வுக் கேயான்கள் மட்டுமே எஞ்சும். அவை ஹீலியம் நிரப்பிய பெரிய பையொன்றில் நுழைந்து சிதையும்போது, வெளிவரும் துகள்களின் திசையையும் உந்தத்தையும் இருபுறமும் காந்தங்களும் பொறிக்கலங்களும் பதிவுசெய்யும. வந்தவை இரண்டே துகள்கள் என்றால் அவற்றின் உந்தங்களைக் கூட்டினால் கற்றையின் திசை அப்படியே கிடைக்க வேண்டும். நிறையைக் கணக்கிட்டால் கேயானின் நிறை வரவேண்டும். மூன்றாவது துகள் ஒன்று நழுவிப் போயிருந்தால் கணக்கு உதைக்கும்.

22,700 சிதைவுகளில் 45 கணக்கில் கச்சிதமாகப் பொருந்தின. ஏறத்தாழ 500-க்கு ஒன்று. துப்னா குழு கண்டிருக்கவேண்டியது ஒரே ஒரு நிகழ்வைத்தான் என்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம். நால்வரும் மாதக்கணக்கில் வேறு விளக்கங்களைத் தேடினர். எதுவும் கிட்டாத பின்னரே 1964 ஜூலையில் முடிவை வெளியிட்டனர். பக்கத்து வீட்டின் கூரையும் விழுந்துவிட்டது.

*

அல்லது, விழுந்ததைப் போலத் தோன்றியது. நம் கதையின் துகள் இங்கேதான் வருகிறது.

சில வாரங்களுக்குள்ளேயே இரண்டு குறுங்கட்டுரைகள் தனித்தனியாக ஒரே யோசனையை முன்வைத்தன. ஒன்றை எழுதியவர்கள் ஜான் பெல், பெர்ரிங் ஆகிய இருவர். மற்றொன்றை எழுதியவர்கள் பெர்ன்ஸ்டைன், நிக்கோலா கபீபோ, டி.டி. லீ ஆகிய மூவர். பெல் அதே ஆண்டில்தான் குவாண்டம் இயற்பியலின் அடிப்படையைப் பற்றிய தம் புகழ்பெற்ற சமனிலியை எழுதினார். லீயோ, கண்ணாடிச் சமச்சீர் உடைந்த கதையின் நாயகர்களுள் ஒருவர். அப்படிப்பட்டவர்கள் சி.பி.யைக் காப்பாற்ற முனைந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

யோசனை இதுதான். நம் சுற்றுப்புறம் சமச்சீரானது அல்ல. பூமி, சூரியன், நம் பால்வெளி மண்டலம் எல்லாமே பொருளால் ஆனவை. எதிர்ப்பொருள் இங்கே இல்லை. மின்னூட்டத்தைப் போலவே ஹைப்பர்சார்ஜ் என்றொரு பண்பு துகள்களுக்கு உண்டு. புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் கேயானுக்கும் அது நேர்; எதிர்க்கேயானுக்கு எதிர். மின்புலத்தைச் சுமக்கும் ஃபோட்டானைப் போல, இந்த ஹைப்பர்சார்ஜின் புலத்தைச் சுமக்கும் மிக மிக எடை குறைந்த ஒரு துகள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எடை குறையக் குறைய விசையின் எட்டுதூரம் கூடும். ஆகவே பால்வெளி மண்டலம் முழுவதிலும் உள்ள பொருள் ஒன்றுதிரண்டு, நம் ஆய்வகத்தில் ஓடும் கேயானை ஒருவிதமாகவும் எதிர்க்கேயானை நேர்மாறாகவும் தொடும். கலவை சிறிதே குலையும். தடைசெய்யப்பட்ட சிதைவு எப்போதாவது நிகழும். விதியில் குறையில்லை, குறை சுற்றுப்புறத்தில்.

அத்தனை பலவீனமான ஒரு விசையால் இது எப்படி முடியும் என்று வாசகர்கள் கேட்கலாம். கேயானின் தனித்தன்மை அதில்தான் இருக்கிறது. இரண்டு கலவைகளுக்கும் இடையிலான நிறை வேறுபாடு, கேயானின் நிறையில் நூறு லட்சம் கோடியில் ஒரு பங்கிற்கும் குறைவு. இத்தனை நுட்பமாகச் சமன்செய்யப்பட்ட தராசின் தட்டு அசைய ஒரு மூச்சுக் காற்று போதும். ஹைப்பர்ஃபோட்டானின் விசை ஈர்ப்பு விசையைவிடப் பலவீனமாக இருந்தாலும் காரியம் நடந்துவிடும்.

யோசனை அழகானதுதான். பெல்லும் பெர்ரிங்கும் அதைச் சற்று விளையாட்டாகவே முன்வைத்தனர்; சாதாரணமான விளக்கம் ஒன்று கிடைக்கும்வரை இப்படி யோசித்துப் பார்க்கலாம் என்னும் தொனி அவர்களுடையது. ஆயினும் அந்த விளையாட்டில் ஒரு நேர்மை இருந்தது. தங்கள் துகள் எங்கே தோற்கும் என்பதையும் அவர்கள் சொன்னார்கள். ஃபோட்டானைப் போன்ற துகள் சுமக்கும் புலம் என்றால், வேகமாக ஓடும் கேயானுக்கு அது கூடுதல் வலிமையோடு தெரியும். இரண்டு பையான் சிதைவின் விகிதம் ஆற்றலின் இருமடியாக உயரும். கேயானின் ஆற்றல் 3 மடங்கானால் விகிதம் 9 மடங்கு. 10 மடங்கானால் 100 மடங்கு. இனி ஆய்வகங்கள் அளந்து பார்க்கவேண்டியதுதான் பாக்கி.

*

அளப்பதற்கு முன்பே கோட்பாட்டுத் தளத்தில் ஓர் அடி விழுந்தது. 1964-ன் இறுதியில் ஸ்டீவன் வைன்பெர்க், ஹைப்பர்ஃபோட்டான்கள் இருக்கின்றனவா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு குறுங்கட்டுரை எழுதினார். மின்னூட்டம் ஒருபோதும் அழிவதில்லை. ஹைப்பர்சார்ஜோ கேயானின் சிதைவில் அழிந்துவிடுகிறது. அழியக்கூடிய ஒன்றோடு இவ்வளவு எடை குறைந்த துகளை இணைத்தால், அதன் எடை குறையக் குறைய அது மேலும் மேலும் எளிதாக வெளிப்படும். பால்வெளி அளவுக்கு எட்டும் அளவு எடை குறைந்ததானால், கேயான்கள் சிதையும்போதெல்லாம் ஹைப்பர்ஃபோட்டான்கள் கொட்டியிருக்கவேண்டும். அப்படி எதுவும் காணப்படவில்லை. துகளை உயிர்ப்பித்த அதே பண்பு, அதாவது அதன் எடையின்மை, அதைக் கொல்லவும் போதுமானதாக இருந்தது.

1965-ல் அளவீடுகள் வந்தன. இங்கிலாந்தின் ரூதர்ஃபோர்ட் ஆய்வகத்தில் ஒரு குழு புரூக்ஹேவன் சோதனையைவிட உயர்ந்த ஆற்றலிலும், ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் மற்றொரு குழு அதனினும் உயர்ந்த, புரூக்ஹேவனைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு உந்தத்திலும் அதே சிதைவை அளந்தன. விகிதம் உயரவில்லை. மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் கேயான் 500-க்கு ஒன்று என்ற தன் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை. ஹைப்பர்ஃபோட்டானின் வாழ்வு ஓராண்டுகூட நிறையாமல் முடிந்தது.

அக்காலத்தில் முன்வைக்கப்பட்ட தப்புவழி இது ஒன்று மட்டுமல்ல. பையான்களோடு காணமுடியாத மூன்றாவது துகளொன்று மிகக் குறைந்த ஆற்றலோடு நழுவிச் செல்கிறது என்றார்கள் சிலர். பௌலியின் நிழல் அதில் தெரிகிறது. நமக்கு அருகிலேயே, ஆனால் நம்மோடு அநேகமாகத் தொடர்பற்று, ஒரு நிழல் பிரபஞ்சம் இருப்பதாக நிஷிஜிமாவும் சஃபூரியும் எழுதினர். 1965-லேயே ஃபிட்சின் குழு இவற்றுக்கும் விடை கண்டது. நெடுவாழ்வுக் கேயானிலிருந்து வரும் இரண்டு பையான்களும் குறுவாழ்வுக் கேயானிலிருந்து வரும் இரண்டு பையான்களும், குளத்தில் எழும் இரண்டு அலைகளைப் போல ஒன்றோடொன்று குறுக்கிடுகின்றன என்று காட்டியது. முற்றிலும் ஒரே வகையான இறுதிநிலைகள்தாம் அப்படிக் குறுக்கிட முடியும். மூன்றாவது துகள் உடனிருந்தால் குறுக்கீடு நிகழாது. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டு, கடைசியில் எவரும் விரும்பாத ஒரே கதவு மட்டும் திறந்திருந்தது: சி.பி. உண்மையிலேயே உடைந்திருக்கிறது. கிரோனினுக்கும் ஃபிட்சுக்கும் 1980-ல் நோபல் பரிசு கிடைத்தது.

*

இந்த வரலாற்றில் நம்மை நெடுநேரம் நிறுத்திவைக்கும் இடங்கள் இரண்டு.

முதலாவது, 1967-ல் ஆந்த்ரே சகாரோவ் எழுதிய சிறு கட்டுரை. பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் பொருளும் எதிர்ப்பொருளும் சம அளவில் இருந்திருந்தால் இன்று ஏன் பொருள் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று அவர் கேட்டார். அதற்குத் தேவையான நிபந்தனைகளுள் ஒன்று, சி.பி. சமச்சீர் உடைந்திருப்பது. பெல்லும் லீயும் சொன்னதை இதனருகே வைத்துப் பார்க்கலாம். நம்மைச் சுற்றிப் பொருள் மட்டும் இருப்பதால்தான் சமச்சீர் உடைந்ததாகத் தோன்றுகிறது என்றார்கள் அவர்கள். சமச்சீர் உடைந்திருப்பதால்தான் நம்மைச் சுற்றிப் பொருள் மட்டும் இருக்கிறது என்றார் சகாரோவ். இரண்டு உண்மைகளுக்கும் உறவு உண்டு என்று மூன்றாண்டு முன்னரே கண்டுகொண்டவர்கள், காரணத்தைக் காரியத்தின் இடத்தில் வைத்துவிட்டார்கள். பொய்த்துப்போன ஒரு கருதுகோள் உண்மைக்கு இவ்வளவு அருகில் வந்து போயிருக்கிறது.

இரண்டாவது, கபீபோ. 1963-ல், துகள்களின் மென்விசைச் சிதைவுகளை ஒழுங்குபடுத்தும் ஒரு கோணத்தை அவர் அறிமுகம் செய்திருந்தார். 1973-ல் மகோதோ கோபயாஷி, தோஷிஹிதே மஸ்காவா ஆகிய இரு ஜப்பானிய இளைஞர்கள் அதை விரித்தெடுத்தனர். மூன்று குவார்க்குகளே அறியப்பட்டிருந்த அந்நாளில், ஆறு குவார்க்குகள் இருந்தால் சி.பி. உடைவு இயல்பாகவே வந்துவிடும் என்று காட்டினர். மீதி மூன்றும் பின்னர் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. 2001-ல் ஜப்பானின் பெல் சோதனையும் அமெரிக்காவின் பாபார் சோதனையும் பி மெசான்களில் அவ்விளக்கத்தை உறுதிசெய்தன. 2008-ல் ஜப்பானியர் இருவருக்கும் நோபல் கிடைத்தது. 2010-ல் மறைந்த கபீபோவுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் சி.பி. உடைவை விளக்கும் அந்த அணிக்கோவை இன்றும் மூவரின் பெயரையும் தாங்கி நிற்கிறது. சி.பி. உடையவில்லை என்று காட்ட ஒரு துகளைக் கற்பித்தவரின் பெயரால்தான் அந்த உடைவு இன்று அறியப்படுகிறது.

*

ஹைப்பர்ஃபோட்டான் ஒருமுறை திரும்பி வந்தது. ஃபெர்மி ஆய்வகத்தில் எடுக்கப்பட்ட கேயான் தரவுகளில் ஆற்றலோடு சேர்ந்து மாறும் சில விசித்திரங்கள் இருப்பதாக 1980-களின் தொடக்கத்தில் ஃபிஷ்பாக் முதலியோர் கருதினர். அதே துணிவில், ஹங்கேரியின் அயோத்வாஷ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்திருந்த ஈர்ப்புச் சோதனைகளின் கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்து, சில நூறு மீட்டர் எட்டும் 'ஐந்தாம் விசை' ஒன்று இருக்கலாம் என 1986 ஜனவரியில் அறிவித்தனர். உலகெங்கும் மலைச்சரிவுகளிலும் சுரங்கங்களிலும் கோபுரங்களிலும் அந்த விசையைத் தேடினார்கள். நம் நாட்டிலும் கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் நிலத்தடி ஆய்வுக்கூடத்தில் முறுக்குத் தராசு வைத்துத் தேடினார்கள். சில ஆண்டுகளில், அப்படியொரு விசை இல்லை என்பது தெளிவாயிற்று.

இந்நூற்றாண்டிலும் கதை தொடர்கிறது. ஜப்பானின் கோட்டோ சோதனை, நெடுவாழ்வுக் கேயானின் மிக அரிய சிதைவொன்றைத் தேடுகிறது: ஒரு பையானும், கண்ணுக்குத் தப்பும் இரண்டு நியூட்ரினோக்களும். ஆயிரக்கணக்கான கோடிச் சிதைவுகளுள் ஒன்றே அப்படி நிகழ வேண்டும். 2019-ல், ஒன்றும் இருக்கக்கூடாத இடத்தில் 4 நிகழ்வுகள் தெரிவதாக அக்குழு அறிவித்தது. உடனே, பையானின் நிறையை ஒத்த, காணமுடியாத ஓர் எடை குறைந்த துகளைச் சொல்லும் கட்டுரைகள் வந்தன. மின்னூட்டம் கொண்ட கேயானை ஆராயும் செர்ன் சோதனையின் பார்வை மங்கிப்போவது சரியாக அந்த நிறையில்தான் என்பது அக்கட்டுரைகளுக்கு வசதியாக அமைந்தது. 2021-ல் குழு மீண்டும் கணக்கிட்டு வெளியிட்டபோது, நிகழ்வுகள் 3 ஆகவும், பின்னணியால் எதிர்பார்க்கக்கூடியவை 1.22 ஆகவும் மாறியிருந்தன. கற்றையில் கலந்துவிட்ட மின்னூட்டக் கேயான்கள் முன்பு சரிவரக் கணக்கில் வரவில்லை. அதிசயம் கரைந்தது.

2023-ல் பெல்-2 சோதனை, பி மெசான் ஒரு கேயானாகவும் இரண்டு நியூட்ரினோக்களாகவும் சிதையும் விகிதம் எதிர்பார்த்ததைப்போல் சுமார் 4 மடங்கு இருப்பதாக அறிவித்தது. புள்ளியியல் கணக்கில் விலகல் 2.7 சிக்மா, கண்டுபிடிப்பு என்று சொல்ல 5 வேண்டும். நியூட்ரினோக்களுக்குப் பதிலாக, புரோட்டானைப்போல் இருமடங்கு நிறையுள்ள ஏதோவொன்று நழுவிச் செல்கிறதோ என்று கேட்கும் கட்டுரைகள் இம்முறையும் வந்துவிட்டன. பி மெசானோடு ஒப்பிட அதுவும் எடை குறைந்ததுதான்.

இவற்றையெல்லாம் பார்த்து, எதிர்பாராத எண் ஒன்று வந்தால் உடனே ஒரு துகளைக் கற்பித்துவிடுகிறார்களே என்று ஏளனம் செய்வது எளிது. நமக்கு அப்படித் தோன்றவில்லை. சாக்குக்கும் விளக்கத்திற்கும் வேறுபாடு உண்டு. சாக்கு எந்த அளவீட்டோடும் ஒத்துப்போகும். 1964-ன் ஐவரும் தங்கள் துகளை எந்த ஆற்றலில் எப்படித் தேடவேண்டும், எப்போது அதைக் கைவிடவேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். அந்தக் கட்டுரைகள் இல்லாவிட்டால் அதே சிதைவை வேறு ஆற்றல்களில் அளந்தே தீரவேண்டும் என்ற அவசரம் 1965-ல் எழுந்திருக்காது, சி.பி. உடைவில் உலகிற்கு அத்தனை விரைவில் உறுதியும் பிறந்திருக்காது. தான் விரும்பிய சமச்சீரைக் காக்க வந்த துகள், தன் தோல்வியால் அச்சமச்சீரின் முடிவை உறுதிசெய்துவிட்டுப் போயிற்று. துகள்களின் அட்டவணையில் அதற்கு இடமில்லாவிட்டாலும் வரலாற்றில் ஒரு பத்தியாவது தரலாம்.